அவர் குனிந்தால் போதுமே

தோசை வார்க்கிற பெண், நன்றாக வந்த முதல் தோசையைத் தானே சாப்பிட்டுவிடுவதை நான் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்தது நியூசிலாந்தின் ஆக்லாந்தில்தான். மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு பழைய மரவீடு. அதன் பின்தோட்டத்தில் தனியாகக் கட்டிய ஒற்றை அறையில், வேலைக்கு வந்த தனிப் பெண்ணாக நான் வாடகைக்கு இருந்தேன். ஸ்லீப்அவுட் என்பார்கள் இங்கே. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீட்டுக்கார அக்கா என்னையும் சாப்பிடக் கூப்பிடுவார். கல் பழகுவதற்காக ஊற்றிய ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்ததை நெய் விட்டு முறுகலாக எடுப்பார். அடுப்பைத் தணிப்பார். தட்டோடு வந்து மேஜையில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து, அவசரமில்லாமல் அதைச் சாப்பிட்டு முடிப்பார். அவர் கணவரும் நானும் காலித் தட்டுகளோடு பார்த்துக்கொண்டிருப்போம்.

"ஆறிடும்ல" என்பார். அவ்வளவுதான் விளக்கம். அதன் பிறகு நாங்கள் போதும் என்று கையை நீட்டித் தடுக்கும்வரை சுடச்சுட வந்துகொண்டே இருக்கும்.

விருதுநகரில் எங்கள் அம்மா பாத்திரத்தில் ஒட்டியதை வழித்துக் கடைசியாக ஒன்று வார்த்து, அதையும் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறவள். அதனால் அக்காவின் இந்தப் பழக்கம் முதலில் எனக்கு ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டதுபோல இருந்தது.

அறை பார்க்கப் போன அன்று, அவர் வயதைப் பார்த்து, "சரிம்மா" என்று சொல்லிவிட்டேன். உடனே திருத்தினார்.

"அம்மான்னு கூப்பிடாத. அம்மான்னு ஆரம்பிச்சா அப்புறம் என்ன வேணா கேப்பாங்க. அக்கான்னு கூப்பிடு."

அப்படித்தான் அவர் எனக்கு அக்கா ஆனார். பெயரை இங்கே எழுதவில்லை. ஒருமுறை உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எந்தப் பேரைப் போடுவ? எங்கப்பா வச்சதா, கம்பெனி வச்சதா? ரெண்டும் வேணாம்" என்று சொல்லியிருக்கிறார்.

கம்பெனி என்று அவர் சொன்னது சினிமாக் கம்பெனியை. அவர் நடிகையாக இருந்தவர் என்பது நான் குடிவந்து பல மாதங்கள் கழித்துத்தான் தெரியும். ஒரு சனிக்கிழமை, ஆக்லாந்துக்கே உரிய நிற்காத தூறல். துணி எடுக்க வந்த என்னை அங்கிள் முன்னறைக்குக் கூப்பிட்டார். அங்கிள் என்பது அக்காவின் கணவர். ஃபிஜியில் லௌடோகா பக்கத்தில் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர். கொள்ளுத்தாத்தா காலத்தில் கப்பலேறிப் போன குடும்பம். ஆக்லாந்துக்கு வந்து கார்களின் நசுங்கல் எடுத்து வண்ணம் அடிக்கும் பட்டறை வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றிருந்தார். அவருடைய தமிழ் வீட்டில் காதால் கேட்டது மட்டும். குழந்தைகளைக்கூட 'நீங்க' என்றுதான் சொல்வார். 'நீ' என்று ஆரம்பித்தால் வாக்கியத்தை எப்படி முடிப்பது என்பதில் அவருக்கு எப்போதும் சந்தேகம்.

டிவியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ் கௌபாய் படம். செஞ்சிப் பாறைகள் மாதிரி ஓர் இடத்தில், அகன்ற தொப்பியும் முழங்கால் வரை பூட்ஸும் இடுப்பில் துப்பாக்கியுமாக ஒரு பெண் குதிரையை இறக்கத்தில் விரட்டிக்கொண்டு வருகிறாள். சேணத்தில் அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே அது வேஷம் இல்லை என்று தெரிந்தது.

"இது யாருன்னு உங்களுக்குத் தெரியுதா?" என்றார் அங்கிள்.

மூக்கைப் பார்த்தேன், தாடையைப் பார்த்தேன், பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்:

"அந்தக் குதிரை பேரு ராணி. நல்ல குதிரை. நடிச்ச எல்லாப் படத்துலயும் கடைசிவரைக்கும் உயிரோட இருந்தது அது ஒண்ணுதான்."

படம் உச்சத்தை நோக்கிப் போனது. கதாநாயகன் பாறைமேல் ஏறுகிறான். எதிர்ப் பாறையில் வில்லன் துப்பாக்கியைக் குறிபார்க்கிறான். தொப்பிக்காரப் பெண் அதைப் பார்த்துவிடுகிறாள். அங்கிள் சட்டென்று படத்தை நிறுத்தினார்.

"இது வரைக்கும் நல்லா இருக்கு. போதும்" என்றார்.

அக்காவுக்கு எல்லாப் படத்திலும் ஒரே வேலை. கொள்ளைக்காரன் மகளாகவோ, மதுக்கடையில் ஆடுகிறவளாகவோ வருவார். கதாநாயகனை விரும்புவார். அவனுக்கு வரும் குண்டைக் குறுக்கே பாய்ந்து வாங்கிக்கொண்டு, அவன் மடியில் சாவார். செத்தால்தான் அவன் குடும்பப் பெண்ணான கதாநாயகியைக் கட்டிக்கொள்ள முடியும்.

"சும்மாவும் சாக முடியாது. அவன் கையையும் அவ கையையும் புடிச்சு சேத்து வச்சிட்டுத்தான் சாகணும். அந்த வேலை முடியாம எனக்கு உசுரு போகாது" என்று சிரிப்பார்.

சினிமாவுக்கு அவரைக் கொண்டுவந்தது குதிரைதான். அப்பா கிண்டி பந்தயக் குதிரைகளைப் பராமரிக்கும் லாயத்தில் வேலை பார்த்தவர். மகள் லாயத்திலேயே வளர்ந்தாள். குதிரை ஏறத் தெரியாத ஒரு கதாநாயகிக்குப் பதிலாக முதுகைக் காட்டி ஓட்டப் போனவள், முகத்தையும் காட்டலாம் என்று யாருக்கோ தோன்றி இரண்டாம் கதாநாயகி ஆனாள். கௌபாய் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த சில வருஷங்கள் அவர் சும்மா இருந்ததே இல்லை.

அவருக்கு இடது காரையெலும்பில் ஒரு புடைப்பு உண்டு. அது எப்படி வந்தது என்று ஒருநாள் கேட்டேன். துணி மடித்துக்கொண்டே சொன்னார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்த ஒரு மாலை. கதாநாயகனின் குதிரை மிரண்டு நேராக அக்காவைப் பார்த்து வருகிறது. டைரக்டர் கத்துகிறார், அப்படியே நில், நகராதே, ஷாட் பிரமாதமாக வருகிறது என்று. அக்கா நின்றார். குதிரையின் முட்டி மோதியது. கம்பெனி வேன் அவரைப் பெரியாஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. கதாநாயகனுக்கு இன்னும் காட்சிகள் பாக்கி இருந்தன. தகவல் தெரிந்து அப்பா லாயத்திலிருந்து அப்படியே ஓடி வந்தார்.

"வந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. 'ஏம்மா, ஏன் நகரல?' நடக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடியே, மிரண்ட குதிரைக்கு எதிர்ல நிக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்த மனுஷன். அந்தக் கேள்வி மட்டும் எனக்குள்ளயே இருந்துச்சு."

வீட்டிலும் அதே பாத்திரம்தான் என்றார். தம்பிகள் இருவர் அவர் சம்பாத்தியத்தில் படித்தார்கள். அவர்களுடைய கல்யாணங்களை அவரே முன்னால் நின்று நடத்தினார். நடிகை வீட்டில் இருப்பது மனைவிமார்களுக்குச் சங்கடம் என்றபோது, தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறவும் செய்தார்.

கடைசிப் படத்தில்தான் அது நடந்தது. வழக்கம்போல உச்சக் காட்சி. டைரக்டர் விளக்குகிறார்: வில்லன் அங்கிருந்து சுடுகிறான், நீ இங்கிருந்து ஓடி வந்து குறுக்கே விழுகிறாய். அக்கா தூரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"அவரு கொஞ்சம் குனிஞ்சாப் போதுமே சார், நான் எதுக்கு சாகணும்?" என்று கேட்டார்.

நிஜமாகவே சந்தேகமாகத்தான் கேட்டாராம். யூனிட் முழுக்கச் சிரித்தது. லைட் பிடிக்கிறவர்கள் சிரித்தார்கள். கதாநாயகன் மட்டும் சிரிக்கவில்லை. அக்கா அந்தக் காட்சியையும் நடித்து முடித்துக் கொடுத்தார். ஆனால் அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. கௌபாய் மோகமும் அத்தோடு வடிந்துவிட்டது. கொஞ்ச காலம் அங்கே இங்கே இருந்துவிட்டு, வடபழனி பக்கம் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு விடுதியில் வார்டன் ஆனார். அங்கேயே தலை நரைத்தது.

அங்கிள் அவரைப் பார்த்தது அந்த விடுதி வாசலில். முதல் மனைவி இறந்து சில வருஷங்கள் கழித்துக் கோயில் யாத்திரைக்காகத் தமிழ்நாடு வந்தவர், கூட வந்த பெண்களை அந்த விடுதியில் தங்கவைக்கக் கூட்டி வந்தார். சாவிக்கொத்தோடு வெளியே வந்த அம்மாளைப் பார்த்ததும் கையிலிருந்த பெட்டிகளைக் கீழே வைத்தார். பிறகு தன் ஃபிஜித் தமிழில், "நீங்க செத்துப் போனப்ப நான் ரொம்ப அழுதேன்" என்றார்.

லௌடோகாவில் கொட்டகையில் பையனாக உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறார் என்று அக்காவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. "எனக்காக அழுதேன்னு சொன்ன முதல் ஆளு. படத்துல அழுதவங்க எல்லாம் அந்த ஹீரோவுக்காகத்தான் அழுதாங்க" என்பார் என்னிடம். அடுத்த வருஷம் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஆக்லாந்து வந்துவிட்டார்கள்.

இங்கே வந்தும் அக்காவைச் சுற்றி முணுமுணுப்பு இருந்துகொண்டே இருந்தது. காரில் முன்சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். உடம்பு வலித்தால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார், விருந்தாளி வந்திருந்தாலும். மத்தியானம் நீச்சல் குளத்துக்குப் போகிற நேரம் என்றால் போயே தீருவார். எனக்குக் காய்ச்சல் கண்டபோது இரண்டு நாள் கஞ்சி கொண்டுவந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர், மூன்றாம் நாள், "கஞ்சி ஃபிளாஸ்க்ல இருக்கு, எடுத்துக் குடி, நான் நீந்திட்டு வரேன்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். போர்வைக்குள் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கஞ்சி என்னவோ சூடாகத்தான் இருந்தது.

கோயிலில் பழக்கமான ஓர் இளம் தாய் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்டாள். வேறு யாராக இருந்தாலும் முதுகுவலி, ஊருக்குப் போகிறேன் என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள். அக்கா, "முடியாது" என்றார். சாக்குகூடச் சொல்லவில்லை. பின்னாலிருந்து ஒருத்தி, பெற்றிருந்தால் தெரியும் என்று காதில் விழும்படி சொன்னாள். அக்கா திரும்பி அவளைப் பார்க்கவில்லை. இளம் தாயிடம்தான் சொன்னார்.

"தினம் முடியாது. வியாழக்கிழமை எனக்கு வேலை இல்ல. வியாழக்கிழமை கொண்டாந்து விடு."

அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகும்வரை ஒரு வியாழக்கிழமை தவறவில்லை. குழந்தையைப் புல்வெளியில் முதுகில் ஏற்றிக்கொண்டு குதிரையாகக் கனைத்தபடி அவர் தவழ்வதை என் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன்.

"இருக்கிறதைக் குடுப்பேன். என்னையே குடுக்க மாட்டேன்" என்று சொல்வார். நல்ல பேச்சாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பெரிய கஷ்டம் வந்தால் இந்தப் பெண் என்ன செய்வார் என்ற கேள்வி எனக்குள் இருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது.

கஷ்டம் வந்தது. அங்கிளுக்குப் பக்கவாதம். தோட்டத்தில் எலுமிச்சை மரத்துக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சு குழறியது. உயிர் தப்பியதே பெரிது என்றார்கள். சில வாரங்கள் கழித்து, வீட்டுக்கு அனுப்பும் முன் குடும்பத்தோடு பேச வேண்டும் என்று மருத்துவமனை கூப்பிட்டது. மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். அக்கா வேண்டாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் நகரத்தில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அன்று லீவு போட்டேன்.

போகும்போது காரில் சொன்னார்: "நான் சொல்றதை அப்படியே சொல்லு. நடுவுல சக்கரை போடாத."

சின்ன அறை. டாக்டர், சமூகப் பணியாளர், சக்கர நாற்காலியில் அங்கிள். எதிரே அங்கிளின் மகன் சுரேனும் அவர் மனைவியும். சுரேன் முதல் மனைவிக்குப் பிறந்தவர், எலக்ட்ரீஷியன், ஆக்லாந்தின் தெற்குப் பக்கம் பாப்பாடோய்டோயில் வீடு. நாற்பதை ஒட்டிய வயது. அக்காவை ஆன்ட்டி என்று அழைப்பார். ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பேசி நான் கேட்டதில்லை.

வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று டாக்டர் கேட்டார். சுரேன் சாதாரணமாக, ஆன்ட்டிதான் நாள் முழுக்க வீட்டில் இருக்கிறாரே என்றார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார்.

"நான் இவரை விட்டுட்டு எங்கயும் போகப் போறதில்ல. ஆனா என்னால தனியாப் பாத்துக்க முடியாது. தனியாப் பாத்துக்கவும் மாட்டேன்."

முதல் இரண்டு வாக்கியங்களை ஆங்கிலத்தில் சொன்னேன். மூன்றாவது வாயில் வரவில்லை. அக்காவுக்குப் பேச வராதே ஒழிய ஆங்கிலம் புரியும்.

"கடைசியை விட்டுட்டியே" என்றார். "மாட்டேன்னு சொன்னேன். அதையும் சொல்லு."

சொன்னேன். என் குரலில், என் வாயால், பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று ஒரு மனைவி சொல்வதைச் சொன்னேன். கன்னம் சுட்டது. விருதுநகரில் அந்த நேரத்தில் எங்கள் அம்மா அப்பாவைத் தனியாகத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டிருப்பாள். நடுக்குவாதம் வந்து அப்பா படுத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஆள் வைக்கலாம் என்றால், நான் செத்தா போய்விட்டேன் என்று கேட்பாள். அந்த அம்மாவுக்கு மகளாக இருந்துகொண்டு அக்காவின் வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கு அவர்மேல் கோபமாகத்தான் இருந்தது.

சுரேனின் முகம் சிவந்துவிட்டது. தன் அம்மா ஃபிஜியில் மாமனாரைப் பத்து வருஷம் ஒரு ஆள் உதவியில்லாமல் பார்த்துக்கொண்டார், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை என்று ஆங்கிலத்தில் டாக்டரைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் எதுவும் இல்லை. மெதுவாகக் கேட்டார்:

"உங்கம்மா எந்த வயசுல போனாங்க தம்பி?"

நான் மொழிபெயர்த்தேன். சுரேன் அப்பாவைப் பார்த்தார். அவர் மனைவி கையைப் பார்த்துக்கொண்டாள். நாற்காலியிலிருந்து அங்கிள், கோணிய வாயால் ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, "சின்ன... வயசு" என்றார். சுரேனின் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, டாக்டரிடம் போக நேரமே கிடைக்கவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அக்கா தன்னால் ஆவதை ஒவ்வொன்றாகச் சொன்னார். சமைப்பேன். மருந்து கொடுப்பேன். பேசவைப்பேன், கோலை ஊன்றி நடக்கவைப்பேன். தூக்கிக் குளிக்கவைக்கத் தோளில் பலமில்லை. வாரம் பூரா ராத்திரியும் பகலும் நானே என்றால் அவருக்கு முன்னால் நான் போய்விடுவேன். கடைசியாகச் சுரேனைப் பார்த்துச் சொன்னார்.

"நீங்களும் கொஞ்சம் குனிங்க தம்பி. குனிஞ்சாப் போதும்."

அதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று தெரியாமல் விழித்தேன். நீங்களும் கொஞ்சம் முதுகை வளைக்க வேண்டும் என்பதுபோல ஏதோ சொல்லிவைத்தேன். சுரேனுக்குப் புரியவில்லை. டாக்டருக்கும் புரியவில்லை. ஆனால் சக்கர நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சுத் திணறுகிறதோ என்று டாக்டர் எழுந்தே விட்டார். அங்கிள் சிரித்துக்கொண்டிருந்தார். பாதி முகம்தான் அசைந்தது. கண்ணில் நீர் வழிந்தது. விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

"அவங்க... சரி" என்றார் மகனிடம், இடது கையால் அக்காவைக் காட்டி.

எப்படிப்பட்ட உதவி வேண்டும் என்று சமூகப் பணியாளர் அப்போதுதான் கேட்க ஆரம்பித்தார். பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

கோயிலில் பேச்சு பரவியது. அவர் சென்னைக்கே திரும்பிப் போய்விடப் போகிறார் என்றார்கள். சுரேன் அப்பாவை முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவார் என்றார்கள். ஒரு மாலை அலுவலகம் முடிந்து வந்தபோது நடையில் ஒரு பெட்டி கிடந்தது. திறந்து பார்த்தால் அங்கிளுடைய சட்டைகள். எல்லாவற்றிலும் பொத்தானைப் பிரித்துவிட்டு, ஒரு கையால் ஒட்டக்கூடிய பட்டையைத் தைத்து வைத்திருந்தார் அக்கா.

அங்கிள் வீட்டுக்கு வந்தார். காலையில் குளிப்பாட்ட, மருத்துவமனை ஏற்பாட்டில், சமோவாத் தீவுக்காரர் ஒருவர் வருவார்; மத்தியானம் அக்கா நீந்திவிட்டு வரும்வரை கூட இருப்பார். கதவில் இடிக்கும் அளவுக்குப் பெரிய உடம்பு, மெல்லிய குரல். சனி ஞாயிறு சுரேனுடைய முறை. முதல் சில வாரங்கள் அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் வந்தார். அப்பாவை எங்கே பிடிக்க வேண்டும் என்றே தெரியவில்லை அவருக்கு. ஒருநாள் நான் துணி காயப்போடும்போது பார்த்தேன்: வராந்தாவில் அப்பாவின் காலைத் தன் மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அங்கிள் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். அக்கா அப்போது குளத்தில் நீந்திக்கொண்டிருந்திருப்பார்.

அந்த வாரம் கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். அப்பாவைக் குளிப்பாட்ட ஆள் வைக்கிறோம், மாதத்தில் ஒரு வாரம் நீ போய் இருக்கிறாய் என்றேன். கேட்பதுபோலச் சொல்லவில்லை. அம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது, "அந்தப் பையன் நல்லாத்தான் குளிப்பாட்டுறான்" என்றாள். நன்றாகத் தூங்கி எழுந்த தெளிவு குரலில் இருந்தது.

எனக்குக் கல்யாணமாகி பிளாக்ஹவுஸ் பே பக்கம் குடிபோனேன். அக்காவைப் பார்ப்பது குறைந்துபோனது. ஒரு குளிர்காலப் பகலில் சமோவாக்காரரின் ஃபோன் வந்தது. அக்காவை ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருக்கிறார்கள், நெஞ்சுவலி.

நான் போய்ச் சேர்ந்தபோது அடைப்பை எடுத்து வார்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அந்த ஓங்கிய உருவம் கட்டிலில் அவ்வளவு சின்னதாகத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும், "இங்க எப்பச் சாப்பாடு குடுப்பாங்கன்னு கேளு" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சரியான நேரத்துக்கு வந்தார் என்றார் டாக்டர். நீந்தும்போது நெஞ்சில் முதல் பிடிப்பு பிடித்ததுமே கரையேறி, வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் போய், நெஞ்சைத் தொட்டுக் காட்டி, 'பெயின், ஆம்புலன்ஸ்' என்று சொல்லியிருக்கிறார். பெண்கள் பலரும் வாய்வு என்று நினைத்துக்கொண்டு, சமையலை முடித்துவிட்டு, யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று பொறுத்திருந்து தாமதமாகத்தான் வருகிறார்கள் என்றார். நான் அதை அக்காவிடம் சொன்னேன்.

"வலிச்சா சொல்லணும். அதுக்கு என்ன" என்றார்.

ஆனால் கண்ணை மூடவில்லை. விரல் போர்வையின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தது. கதவுப் பக்கம் யாராவது நடந்தால் பார்த்தார். அங்கிளைப் பற்றித்தான் என்று தெரிந்தது. கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று அவரும் பயந்ததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

சாயங்காலம் சுரேன் வந்தார். வேலை உடுப்பில், முழங்கையில் சுண்ணாம்புத் தூளோடு. கட்டிலருகே வந்து நின்றுகொண்டு, வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தவரைப் போல ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். தமிழில் சொன்னார்.

"அப்பா சாப்பிட்டாங்க. மருந்து குடுத்தேன். இப்ப என் வைஃப் கூட இருக்கு. நாளைக்கு நான் லீவு எடுத்தேன். நீங்க தூங்குங்க."

அக்கா தலையைத் தூக்கினார்.

"ஷேவ் பண்ணி விட்டியா?"

"விட்டேன்."

"ரத்தம் வந்துச்சா?"

"கொஞ்சம்" என்றார் சுரேன்.

அக்கா சிரித்தார். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சற்று நேரத்தில் சீரான குறட்டை கேட்டது. நாங்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். கீழே போய் ஏதாவது சாப்பிடலாமா என்று சுரேன் ஆங்கிலத்தில் கேட்டார். அப்போதுதான் எனக்குப் பசி தெரிந்தது.